மெத்தையில் வீங்கிய பவர் பாங்க்: கொழும்பு மின்வெட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்றரை மணிபோல் நாடு முழுவதும் கரன்ட் போனது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு சிக்கியதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்ன அதே நாள். மாலைக்குள் கொழும்பில் பல இடங்களுக்கு மின்சாரம் திரும்பிவிட்டது. ஆனால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயிருந்தன. அவற்றைத் திரும்ப இயக்க நாட்கள் எடுக்கும் என்பதால் மின்சார சபை பகுதி பகுதியாக மின்வெட்டு அறிவித்தது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் இருட்டில் கிடந்த ஊருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மாலையில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அன்றைய நாளே போய்விடும்.

இதில் வருபவர் ஒரு ஆசிரியை. உயர்தர மாணவர்களுக்குத் தமிழ் மொழியில் இரசாயனவியல் படிப்பிக்கிறார். வகுப்பெல்லாம் சூம் வழியாகத்தான். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் என்று பல ஊர்ப் பிள்ளைகள் சேர்வார்கள். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் அப்பாவோடும் தம்பியோடும் இருக்கிறார். நான் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறேன். லெப்டொப் திருத்துவது என் தொழில். அவருடைய லெப்டொப்புக்கு இரண்டு முறை கைவைத்திருக்கிறேன், அந்தப் பழக்கத்தில்தான் என்னிடம் கேட்டார். நடந்ததை எழுத அவர் சம்மதித்தார். பெயர்களை விட்டுவிட்டேன்.

லெப்டொப்பைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். டைப் சி வழியாக சார்ஜ் ஏறுவது அது. அதோடு வந்த சார்ஜரில் 20 வோல்ட், 3.25 அம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது, அதாவது 65 வாட். பற்றரி புதிதாக இருந்தபோது 45 வாட் அவர் (watt-hour, அதாவது ஒரு மணி நேரத்துக்கு 45 வாட் கொடுக்கும் அளவு) பிடிக்கும். இப்போது நிரம்பினாலே 26 வாட் அவர்தான். சூம் வகுப்பு, எழுதும் பலகை, கமரா எல்லாம் ஓடும்போது இந்த லெப்டொப் 18 வாட்டுக்குக் கிட்ட எடுக்கும். ஆகவே நிரம்பிய பற்றரியோடு தொடங்கினாலும் ஒன்றரை மணி நேரத்தை எட்டாது. அவருடைய வகுப்பு இரண்டு மணி நேரம்.

திங்கட்கிழமை வாங்கிய சாமான்

பத்தாம் திகதி காலை ஒரு குரல் செய்தி வந்தது. “அண்ணா, லெப்டொப்புக்கு சார்ஜ் ஏத்துற பவர் பாங்க் ஒண்டு வாங்கப் போறன். என்ன பாத்து வாங்கிறது?”

நான் வேலை மேசையில் இருந்தேன். கையில் சூடான இரும்பு. ஒற்றை வரியில் பதில் போட்டேன்: “டைப் சி இருக்கிறதாப் பாருங்கோ டீச்சர், கொஞ்சம் பெரிசா எடுங்கோ.” அந்தப் பதிலில் பிழையான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அதை நம்பிப் போன ஒருவர் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு வரலாம். பிறகு நடந்ததில் அந்த வரிக்கு ஒரு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

அவர் புறக்கோட்டைக்குப் போனார். நாடு முழுவதும் கரன்ட் போன அடுத்த நாள் என்பதால் கடைகளில் கூட்டம். ஒரு கடையில் 50,000 மில்லி அம்பியர் அவர் (mAh) என்று பெட்டியில் பெரிதாகப் போட்ட ஒன்றைக் காட்டினார்கள். டைப் சி வாயும் இருந்தது, பெரிதாகவும் இருந்தது. 20,000 என்று போட்ட நல்ல ஒன்றின் பாதி விலைதான். ரசீது கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

அன்று இரவு தன் போனை அதில் போட்டுப் பார்த்தார். நன்றாக ஏறியது. சூடும் இல்லை. சரி, சாமான் நல்லதுதான் என்று வைத்துவிட்டார். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். போன் ஒன்று 10 வாட் கேட்கும். பவர் பாங்க்குக்கு உள்ளே இருக்கும் பற்றரிகளின் வோல்ட் 3.7 அளவுதான் என்பதால், 10 வாட் கொடுக்க அவற்றிலிருந்து ஏறக்குறைய 3 அம்பியர் இழுத்தால் போதும். லெப்டொப் ஒன்று 18 வாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தால், இடையில் வீணாவதையும் சேர்த்து, 6 அம்பியருக்குக் கிட்ட இழுக்க வேண்டும். அதுவும் விடாமல். ஆக, போனில் போட்டுப் பார்த்த சோதனை லெப்டொப்புக்குச் செல்லாது.

செவ்வாய் மாலை கண்டவை

வகுப்பு நாலரைக்குத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கரன்ட் போனது. லெப்டொப்பில் அப்போது பாதிக்கும் குறைவாகத்தான் பற்றரி இருந்தது, பகல் முழுக்க பாடக் குறிப்பு தயாரித்திருந்தார். கட்டிலில் சாய்ந்திருந்து மடிமேசை வைத்துப் படிப்பிப்பது அவர் வழக்கம். பவர் பாங்க்கைக் கட்டிலில் வைத்தார். அதில் மின்னிக்கொண்டிருந்த நீல விளக்கு கமராவில் தெரியுதென்று ஒரு பிள்ளை சொன்னதால், மேலே தலையணையைப் போட்டு மூடினார்.

லெப்டொப் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது: சார்ஜர் மெதுவானது, சரியானதைப் பாவியுங்கள் என்று. வகுப்புக்கு நடுவில் அதை மூடிவிட்டார். பற்றரி எண் ஏறவில்லை, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அரை மணி கழித்து போனிலும் சார்ஜ் இறங்கியதால் அதையும் அதே பவர் பாங்க்கில் கொழுவினார். அந்த நொடியில் லெப்டொப்புக்குப் போன மின்சாரம் விட்டு விட்டு வந்தது, திரை மங்கி மங்கி எழும்பியது.

ஆறு மணிக்குக் கிட்ட ஒரு வாசம் வந்ததாகச் சொன்னார். எரிந்த வாசம் இல்லை, இனிப்பான வாசம். படிப்பிக்கும் பாடமே அதுதான் என்பதால் அவருக்கு உடனே பட்டது: எசுத்தர் வாசம். அவர் நினைத்தது சரி. லித்தியம் அயன் பற்றரியின் மின்பகு திரவத்தில் பெரும்பங்கு காபனேற்று எசுத்தர்கள்தான். அந்த வாசம் வெளியே வந்தால் எங்கோ ஒரு உறை திறந்துவிட்டது என்று பொருள். தலையணையைத் தூக்கினார். தொட முடியாத சூடு. பவர் பாங்க்கின் ஒரு பக்கம் அப்பம்போல் மேலெழும்பி, பிளாஸ்ரிக் மூடிகள் இரண்டும் பொருந்தும் கோடு திறந்திருந்தது. மெத்தை விரிப்பில் அதே அளவில் மஞ்சள் நிறம்.

எனக்கு போன் எடுத்தார். “அண்ணா, இது கொதிக்குது. வீங்கியும் போட்டுது. வகுப்பு போய்க்கொண்டிருக்கு.”

“வகுப்பை விடுங்கோ. முதல்ல வயர் ரெண்டையும் கழட்டுங்கோ. லெப்டொப் பக்கத்தில பிடிச்சுக் கழட்டுங்கோ, அதைத் தொட வேண்டாம். நான் வாறன்.”

அன்றிரவு எடுத்த முடிவுகள்

போகிற வழியில் போனை வைக்காமல் கதைத்துக்கொண்டே போனேன். முதல் முடிவு, அதைப் படுக்கையறையை விட்டு எடுப்பது. புகை வந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். புகையோ சீறும் சத்தமோ இருந்தால் கையால் தூக்கக் கூடாது, கதவை மூடிக்கொண்டு எல்லோரும் வெளியேறி தீயணைப்புப் படையின் 110க்கு அழைக்க வேண்டும். அந்தப் புகையில் ஐதரசன் புளோரைட்டு இருக்கும், ஒரு மூச்சு இழுத்தாலும் கெடுதல். புகை இல்லை, சத்தமும் இல்லை என்று தம்பி இரண்டு முறை உறுதியாகச் சொன்ன பிறகுதான் தூக்கச் சொன்னேன். குசினியிலிருந்து நீளக் கைபிடி உள்ள இரும்புத் தாச்சியைக் கொண்டுவந்து, அகப்பையால் அதற்குள் தள்ளி, பல்கனித் தரையில் வைத்தார். கொடியில் காய்ந்த உடுப்புகளைப் பிடுங்கச் சொன்னேன். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர்.

நான் மேலே ஏறிப் போனபோது அப்பா குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஐஸ் தட்டோடு நின்றார். கெட்டிக்கார மனிதர், சூடென்றால் குளிர வைக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார். ஆனால் ஐஸ் போடக் கூடாது. மேலே போர்வைபோல் கிடந்து உள்ளே இருக்கும் சூட்டை அடைத்துவிடும். விமானப் பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்: தண்ணீரை ஊற்று, ஐஸ் வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் லித்தியம் வெடிக்காதா என்று தம்பி கேட்டார். அது உலோக லித்தியத்துக்குப் பொருந்தும். பவர் பாங்க்கில் இருப்பது லித்தியம் அயன், அதில் உலோகமாக லித்தியம் மிகக் குறைவு. தீப்பிடித்தால் நிறையத் தண்ணீரால் குளிர வைப்பதுதான் வேலை, ஏனென்றால் ஒரு பற்றரியின் சூடு அடுத்த பற்றரியைக் கிளப்பாமல் தடுக்க வேண்டும்.

தண்ணீரை ஊற்றவும் இல்லை. சூடு குறைந்துகொண்டு வந்தது. சும்மா பார்த்துக்கொண்டு இருப்பது என்று முடிவெடுத்தோம். ஒன்பது மணிவரை அங்கேயே கதிரை போட்டு இருந்தேன். உள்ளே சேதமான பற்றரி ஆறியதுபோல் இருந்துவிட்டுப் பிறகு தீப்பற்றலாம் என்பதால் அவசரப்பட்டு எழும்பவில்லை. கீழ் மாடிக்காரருக்கும் மேல் மாடிக்காரருக்கும் விஷயத்தைச் சொன்னோம். இரவு முழுக்க அது பல்கனியிலேயே, தாச்சிக்குள், மேலே ஒன்றும் மூடாமல் கிடந்தது. வீட்டார் அந்தப் பக்கக் கண்ணாடிக் கதவைப் பூட்டிவிட்டு முன் அறையில் படுத்தார்கள்.

பிள்ளைகளுக்கு வகுப்பு ஆறு மணியோடு முடிந்தது. டீச்சர் அன்று என்னிடம் மன்னிப்புக் கேட்டதுபோல் கதைத்தார். கேட்க வேண்டியவன் நான்.

போயா நாள் சோதனை

புதன்கிழமை நவம் போயா, விடுமுறை. வோல்ட்டும் அம்பியரும் காட்டும் மீற்றரையும் என் சொந்தப் பவர் பாங்க்கையும் எடுத்துக்கொண்டு போனேன்.

வீங்கியதைத் திறக்கவில்லை. திறந்து பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் மூன்றாம் மாடி வீட்டில் அதற்கு இடமில்லை. சமையலறைத் தராசில் மட்டும் வைத்தோம்: 338 கிராம். இந்த ஒரு எண்ணே கதையைச் சொல்லிவிடுகிறது. 50,000 மில்லி அம்பியர் அவரை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 185 வாட் அவர். பவர் பாங்க்குகளில் பொதுவாக வரும் உருளைப் பற்றரி ஒன்று ஏறக்குறைய 47 கிராம், அதில் 3,000 மில்லி அம்பியர் அவர் அளவு பிடிக்கும். 50,000 வேண்டுமென்றால் பதினேழு பற்றரி, வெறும் பற்றரி மட்டுமே 800 கிராம். 338 கிராமில் உறையையும் சர்க்கிட்டையும் கழித்தால் ஆறு பற்றரிக்குத்தான் இடம். அந்த ஆறும் புதியவையாக இருந்தாலும் 18,000. தட்டையான பொதி வகை என்றாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. டீச்சர் தானே ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டார், நான் எண்களை மட்டும் சொன்னேன்.

பெட்டியில் ஒரு விமானப் படமும் இருந்தது, விமானத்தில் கொண்டு போகலாம் என்ற பொருளில். 100 வாட் அவருக்கு உட்பட்டதைத்தான் கேட்காமல் கைப்பையில் கொண்டு போகலாம். 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160க்கு மேல் பயணிகளுக்கு இல்லவே இல்லை. பெட்டியில் போட்ட 50,000 உண்மையென்றால் விமானப் படம் பொய், படம் உண்மையென்றால் 50,000 பொய்.

பின்பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் ஒரு வரி: டைப் சி, 5 வோல்ட் 3 அம்பியர், 9 வோல்ட் 2 அம்பியர். அதிகபட்சம் 18 வாட். டீச்சருடைய லெப்டொப் எடுப்பதும் 18 வாட்தான். பற்றரி நிரம்பாமல் இறங்கியதற்கும், அந்த மெதுவான சார்ஜர் அறிவிப்புக்கும், சூட்டுக்கும் காரணம் அந்த வரியிலேயே இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குக் கிட்ட அது தன் உச்சியிலேயே ஓடியிருக்கிறது, அதுவும் மெத்தைக்கும் தலையணைக்கும் நடுவில். (லெப்டொப்பைப் பொறுத்து இது மாறும். சில லெப்டொப் 9 வோல்ட்டை ஏற்கவே ஏற்காது. அவருடையது ஏற்றதுதான் இங்கே கெடுதலாகிவிட்டது.)

வாட் அவர் எவ்வளவு என்று எங்குமே போட்டிருக்கவில்லை. நம்ப முடியாத சாமான் என்பதற்கு என் கண்ணுக்கு அதுதான் முதல் அடையாளம்.

பிறகு என்னுடையதை எடுத்தேன். 20,000 மில்லி அம்பியர் அவர், 74 வாட் அவர், டைப் சியில் 20 வோல்ட் 3.25 அம்பியர். கொழுவியவுடன் ஒரு வேடிக்கை நடந்தது. லெப்டொப்பின் சார்ஜ் ஏறவில்லை, என் பவர் பாங்க்கின் விளக்கு ஏறத் தொடங்கியது. லெப்டொப் பவர் பாங்க்குக்கு சார்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தது. டைப் சியில் இரண்டு பக்கமும் கொடுக்கவும் வாங்கவும் தெரிந்தவை என்றால் யார் கொடுப்பது என்று அவை தமக்குள் பேசித் தீர்மானிக்கும், சிலவேளை தலைகீழாகத் தீர்மானிக்கும். மின்வெட்டில் இதைக் கவனிக்காமல் விட்டால் இருக்கிற கொஞ்சப் பற்றரியும் போய்விடும். கழட்டி, பவர் பாங்க்கின் பொத்தானை முதலில் அமத்தி எழுப்பி, பிறகு கொழுவியபோது சரியாக வந்தது. லெப்டொப் திரையில் பிளக் அடையாளம் வந்ததைப் பார்த்த பிறகே கையை எடுக்க வேண்டும் என்பது டீச்சரின் பழக்கத்துக்கு வந்தது அன்றுதான்.

மீற்றரில் கண்டது முக்கியம். லெப்டொப் பற்றரி 15 சதவீதத்தில் இருக்கும்போது கொழுவினால் 20 வோல்ட்டில் 2.4 அம்பியர், 48 வாட் இழுத்தது: வேலைக்கும் வேண்டும், காலியான பற்றரியை நிரப்பவும் வேண்டும். அதே லெப்டொப் நிரம்பியிருக்கும்போது, சூம் திறந்து வைத்துக் கொழுவினால் 17, 18 வாட். அதே வேலைதான், ஆனால் பவர் பாங்க்கின் பாரம் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். பற்றரி செத்துப்போகும் நேரத்தில் பவர் பாங்க்கைத் தேடி எடுப்பதுதான் எல்லோருடைய பழக்கம். அதைத் திருப்பிப் போட வேண்டும் என்று முடிவெடுத்தோம்: கரன்ட் இருக்கும்போது லெப்டொப்பை நிரப்பி வைப்பது, வெட்டு வந்த நிமிடமே பவர் பாங்க்கைக் கொழுவுவது. இந்த நிகழ்வில் நான் புதிதாகப் படித்தது ஒன்று என்றால் இதுதான்.

வயரையும் மாற்றிப் பார்த்தோம். போனோடு வந்த டைப் சி வயர் 3 அம்பியர்வரை தாங்கும், 20 வோல்ட்டில் 60 வாட். இந்த வேலைக்கு அது தாராளம். 5 அம்பியர் வேண்டுமென்றால் உள்ளே சிப் வைத்த வயர் வேண்டும். புறக்கோட்டைப் பெட்டியில் வந்த வயரை 48 வாட்டில் பத்து நிமிடம் விட்டபோது லெப்டொப் பக்கத் தலை சுடத் தொடங்கியது, மீற்றரில் 20 வோல்ட் 19க்கு வந்துவிட்டது. அதை வெட்டிக் குப்பையில் போட்டேன்.

தம்பியின் கேள்வி

தம்பியிடம் ஒரு பழைய லெப்டொப் இருக்கிறது, வட்ட ஊசி வைத்த 19 வோல்ட் சார்ஜர். 2022 இல் ரவுட்டருக்கு வாங்கிய ஒரு வயர் வீட்டில் கிடந்தது, பவர் பாங்க்கின் 5 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் வயர். கொழும்பில் அப்போது பல வீடுகளில் அது இருந்தது. அதன் ஊசி அந்த லெப்டொப்பின் துளைக்குள் அழகாகப் போகிறது. “போட்டுப் பாக்கட்டா அண்ணா?”

வேண்டாம் என்றேன். ஊசி பொருந்துவது ஒரு பொருட்டே இல்லை. டைப் சியில் பவர் டெலிவரி இருந்தால் முதலில் 5 வோல்ட்தான் வரும். லெப்டொப் கேட்டு, பவர் பாங்க் சம்மதித்த பிறகே 20க்கு ஏறும். வட்ட ஊசியில் அந்தப் பேச்சு இல்லை, வருவது வந்துவிடும். 12 வோல்ட் அந்த லெப்டொப்புக்குக் காணாது, ரவுட்டருக்குச் செய்த மெல்லிய வயர் லெப்டொப் கேட்கும் மின்னோட்டத்தைத் தாங்காது. வயரின் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன உருண்டை உருகி நான் கண்டிருக்கிறேன். தம்பி அதைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தார். ரவுட்டருக்கு இன்றும் அதுதான்.

வியாழக்கிழமை

பதின்மூன்றாம் திகதி மாலை மறுபடி வெட்டு. என் பவர் பாங்க்கை அவரிடமே விட்டுவிட்டு வந்திருந்தேன். கட்டிலை விட்டுவிட்டு மேசைக்கு மாறினார். பவர் பாங்க்கை ஒரு பீங்கான் தட்டில் கண்ணுக்கு முன்னால் வைத்தார். கமராவில் விளக்குத் தெரிந்தால் தெரியட்டும். போனுக்கு வேறு சின்ன பவர் பாங்க். இரண்டையும் ஒன்றில் கொழுவினால் உள்ளே பங்கு பிரிக்கப்படும். என்னுடையதில்கூட ஒரு வாய் மட்டும் என்றால் 65 வாட், இரண்டும் என்றால் 45, 18 என்று அச்சிட்டிருக்கிறது. அந்த மாறுதல் நடக்கும் நொடியில் மின்சாரம் விட்டு வரும். செவ்வாய் திரை மங்கியது அதனால்தான்.

ஒரு மணி நேரம் ஓடியது. பவர் பாங்க் 100 சதவீதத்திலிருந்து 72க்கு வந்தது. 18 வாட் அவர் கொடுக்க 20, 21 வாட் அவர் உள்ளிருந்து போயிருக்கிறது, மிச்சம் சூடாக வீணானது. லெப்டொப்பின் சொந்தப் பற்றரி நூறிலிருந்து இறங்கவே இல்லை. அறை 30 பாகை, பவர் பாங்க்கின் மேற்பரப்பு 38. கொழும்பில் இந்த எட்டுப் பாகையை மனத்தில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பற்றரிகளை சார்ஜ் ஏற்றும்போது 45 பாகைக்கு மேல் போகக் கூடாது, நம் அறையோ 30, 31இல் இருந்துதான் தொடங்குகிறது. யன்னலோரம் வெயில் விழும் மேசை என்றால் அந்த இடைவெளி அப்படியே போய்விடும்.

பிறகு நடந்தவை

அடுத்த வாரம் பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்கு நானும் கூடப் போனேன். டீச்சர் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, திருப்பிப் பின்பக்கத்தைத்தான் படித்தார். முதலாவதில் வாட் அவர் இல்லை. இரண்டாவதில் 22.5 வாட் என்று பெரிதாக இருந்தது, ஆனால் அது பழைய பெரிய யூஎஸ்பி வாய்க்கு, டைப் சிக்கு 20தான். மூன்றாவதில் 20 வோல்ட் வரி இருந்தது, 74 வாட் அவரும் இருந்தது. என் மீற்றரைப் போட்டுப் பார்க்கக் கடைக்காரப் பையன் ஒன்றும் சொல்லாமல் விட்டான். ரசீது, ஆறு மாத உத்தரவாத அட்டை. அதற்கு சார்ஜ் ஏற்றுவது லெப்டொப்பின் சார்ஜராலேயே, விழித்திருக்கும்போது. இரவில் போட்டுவிட்டுப் படுப்பதை நிறுத்திவிட்டார்.

முதல் கடைக்குத் திரும்பிப் போனார். இது தங்களுடையது இல்லை என்றார்கள். ரசீது இல்லாததால் அதற்கு மேல் கதைக்க முடியவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அழைக்கலாம் என்று சொன்னேன். கையில் ஒரு துண்டும் இல்லாமல் என்ன சொல்வது என்று விட்டுவிட்டார். காசு போனது போனதுதான்.

வீங்கியதை மாநகர சபைக் குப்பைக்குப் போட விடவில்லை. குப்பை லொறியில் அது நசுங்கினால் லொறிக்குள்ளே பற்றும். வாய்களுக்கு மேல் ரேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட பால்மா தகரத்துக்குள் வைத்து, மூடியை இறுக்காமல், பல்கனி மூலையில் மூன்று வாரம் இருந்தது. பிறகு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பவரிடம் என் கடைச் சாமான்களோடு சேர்த்துக் கொடுத்தேன்.

மாறியவை, மாற வேண்டியவை

டீச்சரின் பக்கத்தில் மாறியதைச் சொல்லிவிட்டேன். லெப்டொப்பின் தேய்ந்த பற்றரியை மாற்றுவது இன்னும் மிச்சம். அதை முதலே செய்திருந்தால் இந்தப் பிரச்சினை பாதியாகக் குறைந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். 45 வாட் அவர் பிடிக்கும் பற்றரி நிரம்பி இருந்திருந்தால் அன்றைய வெட்டை பவர் பாங்க் இல்லாமலே தாண்டியிருக்கலாம். அவர் பவர் பாங்க் பற்றிக் கேட்டபோது நான் பற்றரியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

என் பக்கத்தில் மாறியது ஒன்று. பவர் பாங்க் எது வாங்கலாம் என்று யாராவது கேட்டால் ஒற்றை வரியில் பதில் போடுவதில்லை. இரண்டு படம் கேட்கிறேன்: லெப்டொப் சார்ஜரின் பின்பக்கம், வாங்கப் போகும் பவர் பாங்க்கின் பின்பக்கம்.

அந்தச் செவ்வாய் வகுப்பு அரையில் நின்றதால், அடுத்த வகுப்பில் டீச்சர் மின்னிரசாயனப் பாடத்தோடு சேர்த்து நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். தராசுக் கணக்கையும் போட்டுக் காட்டியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஹற்றனில் இருந்து ஒரு மாணவன் அனுப்பிய படங்களை எனக்கு அனுப்பினார். பவர் பாங்க்: டைப் சி, 5 வோல்ட் 3 அம்பியர், 9 வோல்ட் 2.22 அம்பியர், 12 வோல்ட் 1.67 அம்பியர். லெப்டொப் சார்ஜர்: வட்ட ஊசி, 19.5 வோல்ட் 3.34 அம்பியர். கூடவே கடையில் சொன்ன ஒரு ஊசி மாற்றும் வயரின் படமும் இருந்தது, வாங்கலாமா என்ற கேள்வியோடு.

மூன்றையும் பார்த்த பிறகு எழுதினேன்: “தம்பி, இது போனுக்கு நல்ல சாமான். உங்கட லெப்டொப்புக்கு 65 வாட் வேணும், இது 20 வாட்தான் தரும். அந்த வயரை வாங்க வேண்டாம். வெட்டு நேரத்துக்கு முன்னமே லெப்டொப்பை நிரப்பி வையுங்கோ, போனில இருந்து டேட்டா எடுங்கோ, போனை இதில போடுங்கோ. மேசையில வையுங்கோ, கட்டில்ல வேண்டாம்.”